இரைக்கும் பசி உண்டு! - தம்பியின் தாடி ஓணானும் முப்பது சுவர்க்கோழிகளும்

காலை 6.20 மணி. நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று ஹால் லைட்டைப் போடவில்லை. மொபைல் டார்ச்சை மட்டும் அடித்துக்கொண்டு, ஷோகேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்தேன். முறுக்கு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வால் நுனியில் இரண்டு சுவர்க்கோழிகள் உட்கார்ந்திருந்தன. இன்னொன்று முகத்தில், கண் இமைக்குப் பக்கத்தில்.

'அட, சாப்பாடு தானாகவே வாய்க்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கே' என்றுதான் முதலில் தோன்றியது. டார்ச்சை நெருக்கமாகக் கொண்டுபோன பிறகுதான் புரிந்தது. அவை உட்கார்ந்திருக்கவில்லை. தின்றுகொண்டிருந்தன.

வேலியில் போகாத ஓணான்

முறுக்கு, என் தம்பி வளர்க்கும் பியர்டட் டிராகன். பெயரில் டிராகன் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நம் ஊர் வேலிகளில் தலையாட்டிக்கொண்டு நிற்குமே ஓணான், அதன் தூரத்துச் சொந்தம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதற்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. கோபமோ பயமோ வந்தால் தொண்டைக்குக் கீழே இருக்கும் முட்கள் விறைத்து, அந்த இடம் கறுத்து, தாடி மாதிரித் தெரியும். அதனால்தான் இந்தப் பெயர். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக வெளியே விற்க விடுவதில்லை. வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள்.

தம்பியின் நண்பன் குடும்பம் வெளியூருக்கு மாறிப்போனபோது, தொட்டி, விளக்குகள் சகிதம் இந்தக் குட்டி எங்கள் வில்லிவாக்கம் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. வெளிர் மஞ்சளில், உடம்பெல்லாம் முள் முள்ளாக இருந்ததைப் பார்த்து அம்மா சொன்னார், "என்னடா இது, முள்ளு முறுக்குக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு?" பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கூடவே பழமொழியும் வந்தது. "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா இருக்கு. இது வேலியில கூடப் போகல. நீயா தேடிப் போய்த் தூக்கிட்டு வந்திருக்க."

அந்த ஆண்டே தம்பிக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. ஹாஸ்டலில் முறுக்கைச் சேர்க்க மாட்டார்களே! கிளம்புவதற்கு முந்தைய நாள் என் கையில் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்தான். அட்டையில், 'முறுக்கு - பராமரிப்பு'. உள்ளே வெப்பநிலை, கீரை, விளக்கு, பூச்சி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான்.

"முழுசா படிச்சுடுக்கா."

"டேய், தினமும் 50 செய்தி படிக்கிறவடா நான்."

அதுதான் பிரச்னையே. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் எனக்கு ஒரு வியாதி. தலைப்பு, முதல் பத்தி, அவ்வளவுதான் படிப்பேன். தம்பியின் நோட்டிலும் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அதில், 'தினமும் பூச்சி, கீரை. சுவர்க்கோழி: கொளத்தூர்' என்று இருந்தது. நான்காம் பக்கத்தில், சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு அவன் எழுதியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. 'எண்ணிப் போடு. எண்ணி எடு.'

மூடி வைத்த சாப்பாடு

சென்னையில் வண்ண மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூரைத் தெரியாமல் இருக்காது. அங்கே மீன்களுக்கு உயிருள்ள இரையும் கிடைக்கும். புழு, பூச்சி, சுவர்க்கோழி எல்லாம்தான். 'கிரிக்கெட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நான் முதல்முறை போனபோது, ஆட்டோ டிரைவரிடம் "கிரிக்கெட் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, வழி முழுக்க பேட் விலை பற்றி அறிவுரை கேட்டுக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அலுவலகத்தில் ஆள் குறைவு. இரவு 10 மணி ஷிஃப்ட்டுக்கு ஒன்பது மணிக்கே கிளம்ப வேண்டும். பகல் முழுக்கத் தூங்கிவிட்டதால் முறுக்குக்கு இரை போடவில்லை. தொட்டியின் விளக்குகள் ஏழு மணிக்கே டைமரில் அணைந்துவிட்டன. அது தூங்கிவிட்டது.

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் எனக்கு, அம்மா தட்டில் இட்லி வைத்து மூடி வைப்பார். பசிக்கும்போது எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வேன். முறுக்குக்கும் அதையே செய்தேன். டப்பாவில் இருந்த முப்பது சுவர்க்கோழிகளையும் தொட்டிக்குள் தட்டிவிட்டு, 'எழுந்ததும் சாப்பிட்டுக்கோ' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூடி வைத்த இட்லி, தூங்குகிறவரைத் தேடி வந்து கடிக்காது. சுவர்க்கோழி கடிக்கும்.

பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முறுக்கு பகலாடி. அதன் உடல் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதனால்தான் தொட்டியின் ஒரு பக்கத்தில் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தரும் விளக்கு. அது அணைந்ததும் உடல் குளிர்ந்து, முறுக்கு அசையாமல் உறங்கிவிடும். சுவர்க்கோழியோ ராப்பூச்சி. விளக்கு அணைந்த பிறகுதான் அதற்குப் பொழுது விடியும். ஒன்று கையைக் காலை அசைக்க முடியாத நேரத்தில், மற்றொன்று முழுத் தெம்போடு உணவு தேடி அலையும்.

நான் போட்ட முப்பதும் பட்டினி கிடந்தவை. கடையிலிருந்து வாங்கிவந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவற்றுக்கு ஒரு துண்டு கேரட்கூடப் போடவில்லை. இரைக்கு எதற்கு இரை என்று நினைத்திருந்தேன். அவற்றுக்கு ஈரமும் புரதமும் வேண்டியிருந்தது. தொட்டிக்குள் இரண்டும் கிடைத்த ஒரே இடம், தூங்கிக்கொண்டிருந்த முறுக்கு. இமை, விரல் இடுக்கு, வால் நுனி என்று தோல் மெல்லிதாக இருக்கும் இடங்களைப் பார்த்துத்தான் கடித்திருந்தன.

வால் முளைக்காது

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. நாய், பூனை பார்க்கும் இரண்டு இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்தவர் முறுக்கைக் கையில் எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"நைட்டு கிரிக்கெட் உள்ளேயே விட்டீங்களா?"

ஒரே கேள்வி. தலையாட்டினேன்.

இமையில் இருந்தது மேல் காயம்தான், கண்ணுக்கு ஆபத்தில்லை என்றார். விரல்களும் ஆறிவிடும். வால் நுனிதான் சரியில்லை. அதற்குள்ளேயே கறுக்கத் தொடங்கியிருந்தது. காயத்தைச் சுத்தம் செய்து, மருந்து தடவி, எப்படித் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தொட்டியில் இருந்த மணலை எல்லாம் எடுத்துவிட்டு, ஆறும்வரை வெறும் செய்தித்தாள் விரிக்கச் சொன்னார். மணல் காயத்தில் ஒட்டுமாம்.

"வால் போனா மறுபடி முளைச்சுடும்தானே டாக்டர்? பல்லிக்கு முளைக்குதே!"

"பல்லிக்கு முளைக்கும்மா. இதுக்கு முளைக்காது."

பத்து நாளில் கறுத்த நுனி காய்ந்து உதிர்ந்தது. ஒரு சென்டிமீட்டர் இருக்கலாம். சுவரில் இருக்கும் பல்லி ஆபத்து வந்தால் வாலைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு ஓடும், பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். பியர்டட் டிராகனுக்கு அந்த வித்தை கிடையாது. போனது போனதுதான்.

பழைய படம்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது தம்பியின் மெசேஜ் வந்தது. 'முறுக்கு என்ன பண்றான்? போட்டோ அனுப்பு.'

அவன் தினமும் கேட்பதுதான். அன்றைக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து, மொபைலில் தேடி, பத்து நாளுக்கு முன்பு எடுத்த ஒரு படத்தை எடுத்தேன். ஹால் தரையில் வெயிலில் படுத்திருக்கும் முறுக்கு. வால் முழுசாக இருந்தது. 'சூப்பரா இருக்கான்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் இன்னொரு பழைய படம். அதற்கடுத்த நாள் ஒன்று.

என் வேலை என்ன தெரியுமா? மழை வந்தால் போதும், எப்போதோ எடுத்த வெள்ளப் படத்தை 'இன்றைய சென்னை' என்று யாராவது பரப்புவார்கள். அந்தப் படத்தில் கடை போர்டு என்ன, பின்னால் ஒட்டியிருக்கும் சினிமா போஸ்டர் எந்த ஆண்டு, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, 'இது பழைய படம்' என்று எழுதுவோம். அந்த மாதம்கூட அப்படி இரண்டு படங்களைச் சரிபார்த்து எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, தம்பிக்குப் பழைய படம் அனுப்பினேன்.

அவனுக்குப் பரீட்சை நேரம், சொன்னால் கவலைப்படுவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அது இல்லை. 'முழுசா படிச்சுடுக்கா' என்று அவன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நோட்டின் நான்காம் பக்கம்

அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். அதன் பிறகு வந்த மாதங்களில் நானும் அம்மாவும் சேர்ந்து கண்டுபிடித்தவையும் உண்டு. ஊர்வன வளர்க்கும் வீடுகளுக்கு உதவும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரம். காலையில் விளக்கு எரிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் இரை போட வேண்டும். உடம்பு சூடானால்தான் அதற்குச் செரிக்கும். விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ராத்திரி இரை கிடையவே கிடையாது.

அடுத்து அளவு. முறுக்கின் இரண்டு கண்களுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அதைவிடப் பெரிய பூச்சியைப் போடக் கூடாது. மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாகவோ, இரண்டிரண்டாகவோ போட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்தில் தின்றது போதும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

எடுப்பதுதான் பெரிய வேலை. சுவர்க்கோழி கல்லுக்கு அடியில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் என்று போய் ஒளிந்துகொள்ளும். இதற்காகத்தான் எண்ணிப் போடுவது. பன்னிரண்டு போட்டோம், ஒன்பது தின்றது என்றால் மூன்று எங்கேயோ இருக்கிறது. தேடு! தம்பியின் நோட்டில் இதற்கு ஓர் உத்தி இருந்தது. முட்டை அட்டையில் ஒரு துண்டு கிழித்து, அடியில் கேரட் வில்லை ஒன்றை வைத்துத் தொட்டியின் மூலையில் போட்டுவிட வேண்டும். தப்பியவை இருட்டும் ஈரமும் தேடி அங்கே வந்து ஒளியும். அட்டையோடு தூக்கி டப்பாவில் தட்டிவிடலாம். ஒன்றிரண்டு கிடைக்காமலே போனாலும், ராத்திரி அந்தக் கேரட்டைத் தின்னும். ஓணானை விட்டுவிடும்.

துள்ளிக் குதிக்கும் சுவர்க்கோழியை எண்ணுவது எப்படி? டப்பாவைச் சில நிமிடங்கள் ஃபிரிட்ஜில் வைத்தால் மந்தமாகிவிடும். இதை அம்மாவிடம் சொல்லாமல் செய்தேன். தயிர் எடுக்க வந்தவர் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். இப்போது ஐஸ்கட்டி நிரப்பிய கிண்ணத்தின் மேல் டப்பாவை வைக்கிறோம். அதுவே போதும்.

இரைக்குச் சமையல்

சுவர்க்கோழிக்கும் சாப்பாடு போட வேண்டும் என்பதற்குக் கடிக்கும் என்பது மட்டும் காரணமில்லை. அது தின்றதுதான் முறுக்கின் வயிற்றுக்குள் போகிறது. பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடு. இரையாகப் போடுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு அதற்கு நன்றாகத் தீனி போட்டால், அந்தச் சத்து அப்படியே ஓணானுக்குப் போய்ச் சேரும்.

சுவர்க்கோழியில் புரதம் நிறைய. ஆனால், கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு. ஓணானுக்கு வேண்டியதோ தலைகீழ். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு. அது கிடைக்காவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், நடக்கும்போது உடம்பு நடுங்கும். கூண்டில் வளரும் ஊர்வனவற்றுக்கு அடிக்கடி வரும் நோய் இது. அதனால்தான் போடும் முன்பு பூச்சிகளைக் கால்சியம் பவுடரில் புரட்டிப் போடுகிறோம். "மீன் வறுக்க மாவுல புரட்டுற மாதிரி" என்பார் அம்மா. அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதற்குப் புற ஊதா-பி கதிர் தரும் தனி விளக்கு வேண்டும். ஜன்னல் வழியே வெயில் வருகிறதே என்றால், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கும் எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஓராண்டில் அந்தக் கதிரின் பலம் குறைந்துவிடும். மாற்ற வேண்டும்.

சுவர்க்கோழிகளுக்கு என்ன போடுகிறோம்? கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை. முருங்கைக்கீரை ஆயும்போது அம்மா முற்றிய இலைகளைத் தனியே ஒதுக்கிவைப்பார். "இது நமக்கு, இது அதுக்கு, இது அதோட சாப்பாட்டுக்கு" என்று மூன்று குவியல்.

பெட்டி விஷயத்தில் அம்மாதான் எனக்கு குரு. முதலில் கொசுவலைத் துணியால் மூடி கட்டினேன். ஒரே வாரத்தில் கடித்து ஓட்டை போட்டுவிட்டன. பிறகு மூடியை வெட்டி இரும்பு வலை வைத்தோம். உள்ளே முட்டை அட்டைகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தோம். எச்சம் அடியில் விழுந்துவிடும், பூச்சிகளுக்கு இடமும் அதிகம். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் விழுந்து செத்துப்போகும். நனைத்த பஞ்சு போதும். செத்ததை அன்றன்றே எடுக்காவிட்டால் நாற்றம் தெருமுனை வரை போகும்.

அடுத்த எதிரி எறும்பு. ஒருநாள் காலையில் பெட்டியைச் சுற்றி எறும்புச் சாரை. அம்மா, நல்ல எண்ணத்தில், பெட்டியைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். மாலைக்குள் சுவர்க்கோழிகள் மல்லாந்து கிடந்தன. செத்ததோடு, உயிரோடு இருந்தவற்றையும் சேர்த்துக் கொட்டினோம். விஷம் பட்ட பூச்சியைத் தின்றால் முறுக்குக்கும் ஆபத்து. அன்றிலிருந்து அந்த அறையில் சாக்பீஸ், ஸ்ப்ரே, கொசு லிக்விட் எதுவும் கிடையாது. அம்மாவே மாற்றும் கண்டுபிடித்தார். சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுதான். நான்கு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் நான்கு மரக்கட்டைகளை நிறுத்தி, மேலே பெட்டி. எறும்பு வரவில்லை.

'இவ்வளவு பாடு எதுக்கு, தோட்டத்தில் பூச்சி பிடித்துப் போடலாமே' என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கூடாது. எந்தச் செடியில் எந்த மருந்து அடித்தார்களோ தெரியாது, ஒட்டுண்ணியும் இருக்கும். மின்மினிப் பூச்சி என்றால் ஒன்றே ஒன்று போதும், பியர்டட் டிராகன் செத்துவிடும். அதன் உடலில் அப்படி ஒரு நஞ்சு.

சத்தமில்லாத இரையாக டூபியா என்ற தென் அமெரிக்கக் கரப்பான்பூச்சியைச் சிலர் வளர்க்கிறார்கள். கத்தாது, நாற்றம் குறைவு, வழுவழுப்பான சுவரில் ஏறவும் தெரியாது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கரப்பான்பூச்சியைக் காசு குடுத்து வாங்குற வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

சுவர்க்கோழி கத்துவது உண்மைதான். ஆண் மட்டும்தான் கத்தும், இறக்கைகளை ஒன்றோடொன்று உரசி. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் மாமி ஒருநாள் மேலே வந்தார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். "உங்க வீட்டுல சுவர்க்கோழி கத்துதே, எங்க ஊர்ல கேட்டதும்மா. எங்கிருந்து வந்துச்சு?" என்றார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காலண்டர்

தீபாவளிக்குத் தம்பி வந்தான். சென்ட்ரலில் இறங்கியவனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனால் வாலைப் பார்த்துவிடுவான். அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முகம் பார்க்காமல் சொல்ல ஸ்கூட்டிதான் சரி என்று தோன்றியது. கீழ்ப்பாக்கம் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"டேய், முறுக்கு வால்ல..."

"தெரியும்க்கா."

வண்டியை ஓரம் கட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ அனுப்புன போட்டோல பின்னாடி டெய்லி காலண்டர் இருந்துச்சு. ஜூம் பண்ணிப் பார்த்தேன், பத்து நாள் பழைய தேதி. நம்ம வீட்டுல அம்மா ஒருநாள்கூட காலண்டர் கிழிக்காம இருந்ததில்லையே. அடுத்த நாள் போட்டோலயும் அதே. அம்மாவுக்கு போன் பண்ணினேன். சொல்லிட்டாங்க."

அந்தக் காலண்டரை நான் பார்க்கவே இல்லை. ஊரார் படத்தில் போஸ்டரைத் தேடிப் பார்க்கிறவள், என் படத்தில் அம்மா தினமும் கிழிக்கும் தேதியை விட்டுவிட்டேன்.

"அப்போ ஏன்டா கேக்கல?"

"வால் முளைக்காதுன்னு எனக்கும் தெரியும். கேட்டு என்ன ஆகப்போகுது? நீ சொல்றியான்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, கேட்காமலே வண்டியை எடுத்தேன். வில்லிவாக்கம் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்குள் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றான். முறுக்கு ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டியது. "பாரு, உனக்கு டாட்டா காட்டுது" என்றார் அம்மா. டாட்டா இல்லை அது. 'உன்னோடு சண்டைக்கு வரவில்லை' என்று பெரிய ஓணானிடம் சின்ன ஓணான் சொல்வது. தம்பிக்கும் அது தெரியும். ஆனாலும் பதிலுக்குக் கையை ஆட்டினான். பிறகு வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு" என்று மட்டும் சொன்னான். மன்னிப்பை அன்று இரவு சுவர்க்கோழிப் பெட்டியைக் கழுவும்போதுதான் கேட்டேன். "சரி, பஞ்சை நனைச்சுக் குடு" என்றான்.

வாங்கும் முன்பு

இதைப் படித்துவிட்டு யாராவது ஆசைப்பட்டால் இரண்டு விஷயங்கள். நம் நாட்டு நட்சத்திர ஆமை, உடும்பு, பச்சோந்தி போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உயிரினங்களிலும் சர்வதேச வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவற்றை, 2024-ல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். வாங்கப்போவது எந்த வகை, பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. தொட்டாலோ, தொட்டியைத் தொட்டாலோ சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

முறுக்குக்கு இப்போது ஒன்றரை வயது. வளர்ந்துவிட்டதால் தட்டில் முக்கால் பங்குக்கு மேல் கீரையும் காயும்தான். செம்பருத்திப் பூ என்றால் உயிர். பூச்சி வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். நைட் ஷிஃப்ட் வாரங்களில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்பதால், இரை போடும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். பல்லி விழுந்தால் பஞ்சாங்கம் பார்க்கும் அதே அம்மாதான்.

தம்பியின் 40 பக்க நோட்டு தீர்ந்து, இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வழக்கம்போல மொபைல் டார்ச்சோடு தொட்டியைப் பார்த்தேன். முறுக்கு கல்லின் மேல் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மூலையில் முட்டை அட்டை, அடியில் கேரட் வில்லை. மேலே நோட்டு திறந்திருந்தது. பால் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில் அம்மா எழுதியிருந்தார்.

'போட்டது 8. தின்றது 7. எடுத்தது 1.'

பக்கத்தில் தட்டு மூடியிருந்தது. உள்ளே எனக்கு நான்கு இட்லி.